மைக்கைக் கழற்றிவிட்டுப் போனவரும், மைக்கோடு போனவரும்

2010 ஜூலை 8 இரவு, கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் எந்த அணிக்குப் போகிறார் என்று அறிவிக்க இ.எஸ்.பி.என். சேனல் 75 நிமிடம் ஒதுக்கியது. நிகழ்ச்சியின் பெயர் ‘தி டிசிஷன்’. 2011 ஏப்ரல் 28 அன்று, ‘தி ஆஃபிஸ்’ என்ற சிட்காமிலிருந்து (நகைச்சுவைத் தொடர்) அதன் நாயகன் ஸ்டீவ் கரெல் விடைபெறுவதற்கு என்.பி.சி. சேனல் வழக்கமான அரை மணி நேரத்துக்குப் பதிலாக 50 நிமிடம் கொடுத்தது. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: ஒரு குழுவைப் பல வருஷம் தோளில் சுமந்தவர் கிளம்புவதைக் காட்டுவது. அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மனிதர்கள் பிரியும்போது என்ன நடக்கும் என்பது விளையாட்டுச் சேனலைவிட சிட்காம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தொடரை எங்கே ஆரம்பிப்பது, எதைத் தாண்டிப் போவது, லெப்ரான் நிகழ்ச்சி ஏன் சொதப்பியது என்று பார்ப்போம். கதை முழுக்க வெளிப்படும். 2013இல் முடிந்த தொடருக்கு இனி ரகசியம் காக்க முடியாது.

மூலத் தொடர் பிரிட்டனுடையது. ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீஃபன் மெர்ச்சண்ட்டும் 2001இல் பி.பி.சி.க்காக எடுத்தார்கள், இரண்டு சீசன், கிறிஸ்துமஸ் சிறப்பு எல்லாம் சேர்த்து 14 எபிசோடில் கடையைக் கட்டிவிட்டார்கள். அமெரிக்க வடிவத்தை உருவாக்கியவர் கிரெக் டேனியல்ஸ். 2005 மார்ச் 24இல் தொடங்கி 2013 மே 16 வரை ஒன்பது சீசன், 201 எபிசோட். பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில், டண்டர் மிஃப்லின் என்ற காகித விற்பனை நிறுவனத்தின் கிளை அலுவலகம்தான் களம். கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக கரெல்.

ஆவணப்படக் குழு ஒன்று அந்த அலுவலகத்தைப் படம்பிடிக்கிறது என்பது பாவனை. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க ஆளில்லை. அந்த வேலையைக் கேமரா செய்கிறது. கையில் பிடித்த கேமராக்கள், முக்கியமான விஷயத்தை அரை நொடி தாமதமாகத்தான் கண்டுபிடிக்கின்றன. திடீரென்று ஜூம் ஆகி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பதை எட்டிப் பார்க்கின்றன. நடுநடுவே ஒவ்வொருவரும் தனியறையில் உட்கார்ந்து கேமராவிடம் பேசுவார்கள். மைக்கேல் தன்னைப் பற்றி ஒன்று சொல்வார். உடனே காட்சி வெட்டு. வெளியே அதற்கு நேரெதிரானது நடந்துகொண்டிருக்கும். தொடரின் பாதிச் சிரிப்பு அந்த வெட்டில்தான் பிறக்கிறது. மீதிப் பாதி, அதைப் பார்த்த விற்பனையாளர் ஜிம் கேமராவை நோக்கி ஒரு பார்வை பார்ப்பதில். இந்த வித்தை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் லெப்ரான் நிகழ்ச்சி உதாரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் சீசனில் ஆறே எபிசோட். முதல் எபிசோட் பிரிட்டிஷ் வசனத்தைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டது. எண்ணெய் வைத்து வாரிய தலையோடு கரெல் இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டவர் மாதிரி இருப்பார். மைக்கேலிடம் கொடுமை இருக்கும், ஈரம் இருக்காது. புதிதாகப் பார்ப்பவர்களில் பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். இரண்டாவது எபிசோட் ‘டைவர்சிட்டி டே’, ஐந்தாவது ‘பாஸ்கெட்பால்’ இரண்டையும் பார்த்துவிட்டு நேராக இரண்டாவது சீசனுக்குப் போய்விடலாம். அங்கே ஏழாவது எபிசோட் ‘தி கிளையன்ட்’டில்தான் எழுத்தாளர்கள் சரியான மருந்தைக் கண்டுபிடித்தார்கள்: மைக்கேல் மோசமான மேலாளர், ஆனால் அபாரமான விற்பனையாளர். உணவகத்தில் வாடிக்கையாளரோடு அரட்டையும் கூத்துமாக நேரத்தைப் போக்கி, மேலதிகாரி நம்பிக்கை இழந்த நேரத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்காட்டுவார். இந்த ஆள் ஏன் இன்னும் வேலையில் இருக்கிறார் என்ற கேள்விக்கு அத்தோடு பதில் கிடைத்துவிட்டது. ஆட்டத் திறமை இல்லாத நட்சத்திரத்தை யாரும் ஏழு சீசன் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றும் அவருக்கு உண்டு: எல்லாரும் தன்னை நேசிக்க வேண்டும் என்ற தீராத தவிப்பு. காரணமில்லாத கூட்டங்கள், விருது விழாக்கள், யாரும் கேட்காத அறிவுரைகள், எல்லாவற்றுக்கும் வேர் அதுதான். தொடர் ஓடுவதே இந்தத் தவிப்பில்தான். எட்டாவது சீசன் படுத்ததற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது.

இரண்டு, மூன்று சீசன்களைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகப் பார்க்கலாம். நான்காவதில் ஒரு எச்சரிக்கை: முதல் நான்கு எபிசோடும் ஒரு மணி நேர இடத்துக்கு எழுதப்பட்டவை. இருபத்திரண்டு நிமிடத்தில் துடிக்கும் கதைக்கு நாற்பது நிமிடம் கொடுத்தால் துணைக்கதைகள் தொங்கிப்போகும், போயின. அந்த சீசனின் நடுவில் எழுத்தாளர் வேலைநிறுத்தம். அது முடிந்து 2008 ஏப்ரல் 10 அன்று வந்தது ‘டின்னர் பார்ட்டி’. ஒரே வீடு, மூன்று ஜோடி, யாரும் கிளம்ப முடியாத ஓர் இரவு. தொடரில் ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். 2009 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி) முடிந்த கையோடு ஒளிபரப்பான ‘ஸ்ட்ரெஸ் ரிலீஃப்’பை 2 கோடியே 29 லட்சம் பேர் பார்த்தார்கள். தொடரின் உச்ச எண்ணிக்கை அது. தரத்தில் ‘டின்னர் பார்ட்டி’க்கு ஒரு படி கீழேதான்.

‘பாஸ்கெட்பால்’ எபிசோடைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. அலுவலகத்துக்கும் கிடங்குத் தொழிலாளர்களுக்கும் போட்டி; தோற்றவர்கள் சனிக்கிழமை வேலைக்கு வர வேண்டும். மைக்கேல் அணி பொறுக்கும் விதத்தைக் கவனியுங்கள். விற்பனையாளர் ஸ்டான்லி கறுப்பினத்தவர், ஆகவே நன்றாக ஆடுவார் என்று அவரே முடிவுகட்டிக்கொள்கிறார். ஸ்டான்லிக்குப் பந்தைத் தட்டவே வராது. ஆட ஆசைப்படும் பருத்த கணக்காளர் கெவினைச் சேர்க்கவே இல்லை. எல்லாம் முடிந்தபின் கெவின் தனியாக நின்று பந்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டே இருப்பார். மைக்கேலின் முகத்தில் அடிபட்டதும் ஃபவுல் என்று ஆட்டத்தை நிறுத்தி, அந்த நேரத்தில் முன்னிலையில் இருந்ததால் தன் அணிக்கே வெற்றி என்பார். கிடங்கு ஆட்கள் முறைத்ததும் விட்டுக்கொடுத்துவிடுவார். அணித் தேர்வில் நடக்கும் அத்தனை கோளாறும் இருபது சொச்ச நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆளின் தோற்றத்தைப் பார்த்துத் திறமையை மதிப்பிடுவது, தன்னையே நட்சத்திரமாக நினைத்துக்கொள்ளும் தலைவர், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஷூட்டர் கண்ணில் படாதது.

வீரர்கள் அணி மாறும் அரசியலை நேரடியாகத் தொட்டது ஐந்தாவது சீசனின் ஆறு எபிசோட் கதை. 2009 மார்ச் 19 முதல் ஏப்ரல் 23 வரை வந்தது, அதாவது லெப்ரான் அறிவிப்புக்கு ஒரு வருஷத்துக்கும் முன்னால். தன் பதினைந்தாண்டு பணி நிறைவு விழாவைப் புதிய மேலதிகாரி ரத்து செய்ததில் மனம் உடைந்து மைக்கேல் வேலையை விடுகிறார். இட்ரிஸ் எல்பாதான் அந்த மேலதிகாரி, சிரிப்பே வராத முகம், நல்ல தேர்வு. வரவேற்பாளர் பாமையும், முன்பு அங்கே வேலை பார்த்த ரயனையும் சேர்த்துக்கொண்டு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அலமாரி அளவு அறையில் ‘மைக்கேல் ஸ்காட் காகித நிறுவனம்’ தொடங்குகிறார். விலையை அடிமட்டத்துக்குக் குறைத்து, பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழுக்கிறார். விடியற்காலையில் பழைய வேனில் தாங்களே சரக்கு கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

பிறகு வருவதுதான் இந்தக் கதையை மற்ற சிட்காம்களிலிருந்து பிரிக்கிறது. கணக்கு இடிக்கிறது. செலவு ஏறவே ஏறாது என்று வைத்துக்கொண்டு விலை நிர்ணயித்திருக்கிறார்கள். வியாபாரம் பெருகப் பெருக ஆள் கூலி, போக்குவரத்து எல்லாம் கூடும். குறைந்த விலைக்கு விற்கும் ஒவ்வொரு கட்டுக் காகிதமும் நஷ்டத்தைப் பெருக்கும். வளர வளரச் சாகும் நிறுவனம். அது திவாலாகப்போகும் அதே வாரத்தில், விஷயம் தெரியாத டண்டர் மிஃப்லின் அவர்களை விலைக்கு வாங்க வருகிறது. பேரம்பேசும் மேசையில் மைக்கேல் சொல்வதன் சாரம் இதுதான்: உங்கள் நிறுவனம் என்னைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் பங்குதாரர் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டிய நீங்கள் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள், தவிர, இது போனால் நான் இன்னொரு காகித நிறுவனம் தொடங்குவேன். காசு வேண்டாம், மூன்று பேருக்கும் வேலை வேண்டும் என்கிறார். கையில் ஒன்றுமில்லாதவர் எதிராளியின் பயத்தை வைத்து ஆடுகிறார். ஒப்பந்தம் முடிந்த நட்சத்திர வீரருக்காகப் பேசும் ஏஜெண்டுகள் செய்வதும் இதுதான். ஐந்தாவது சீசனில் வேறெதைத் தவறவிட்டாலும் இந்த ஆறை விடாதீர்கள்.

இனி ‘தி டிசிஷன்’. பின்னணி இது. ஒஹாயோ மாநிலத்தின் அக்ரனில் பிறந்தவர் லெப்ரான். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் 2003 டிராஃப்ட்டில் முதல் ஆளாக அவரை எடுத்தது பக்கத்து நகரமான கிளீவ்லாந்தின் கவாலியர்ஸ். ஏழு சீசன் ஆடினார். 2009, 2010 இரண்டு வருஷமும் லீகின் சிறந்த வீரர் விருது. கோப்பை மட்டும் இல்லை. 2007 இறுதிப் போட்டியில் ஸ்பர்ஸிடம் 4–0 என்று தோல்வி. 2009–10இல் 61 வெற்றி பெற்ற அணி, பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டம்) இரண்டாம் சுற்றில் செல்டிக்ஸிடம் விழுந்தது. ஒப்பந்தம் முடிந்தது, எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கனெக்டிகட்டின் கிரீனிச்சில் உள்ள பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப் கட்டடத்தில் நேரலை. கட்டம் போட்ட சட்டையில் லெப்ரான், எதிரில் ஜிம் கிரே, பின்னால் வரிசையாகச் சிறுவர்கள். விளம்பர நேரத்தை இ.எஸ்.பி.என். லெப்ரான் தரப்பிடமே விட்டுவிட்டது. அதில் வந்த பணம் அறக்கொடைக்கு. அந்தக் கிளப்புகளுக்கு மட்டும் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. இது நிஜமான நன்மை. விமர்சனம் எழுதுபவர்கள் பலர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். பார்வையாளர் கிட்டத்தட்ட ஒரு கோடி.

நிகழ்ச்சியாகப் பார்த்தால், முதல் கோளாறு நேரம். ஒன்பது மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சியில் விடை வரக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆனது. அதுவரை ஸ்டுடியோ அலசல், பிறகு கிரேயின் சுற்றிவளைத்த கேள்விகள்: எத்தனை பேருக்குத் தெரியும், எப்போது தீர்மானித்தீர்கள், இன்னும் நகம் கடிக்கிறீர்களா. காத்திருக்க வைப்பது தவறில்லை. காத்திருக்கும்போது புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டும். இங்கே எதுவும் கிடைக்கவில்லை. விடை வந்தபின் மிச்ச நேரத்துக்குச் சரக்கும் இல்லை. 75 நிமிடத்தில் உள்ளடக்கம் ஒரே வாக்கியம்: என் திறமையை சவுத் பீச்சுக்கு எடுத்துப் போகிறேன், மியாமி ஹீட்டில் சேர்கிறேன்.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆழமானது. இது முழுக்க முழுக்க ஒரு தனியறைப் பேட்டி, ஆனால் வெளியே என்ன நடக்கிறது என்பதற்கு வெட்டு இல்லை. லெப்ரானின் பழைய அணிக்கு விஷயம் தெரிந்ததே நிகழ்ச்சி தொடங்கும் வேளையில்தான். கிளீவ்லாந்தின் மதுக்கூடங்களில் திரைமுன் உட்கார்ந்திருந்த ரசிகர்கள், சிறிது நேரத்தில் தெருவில் எரியப்போகும் அவருடைய 23ஆம் எண் சட்டைகள், எல்லாம் அந்த அறைக்கு வெளியே. பேசுபவருக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்பது தெரியவில்லை. அதைப் பார்த்துக் கேமராவை நோக்கித் திரும்ப ஒரு ஜிம்மும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த சிறுவர்களின் முகங்கள்தான் அந்த வேலையைத் தெரியாமல் செய்தன. மைக்கேல் ஸ்காட்டின் கையில் ஒரு மணி நேர நேரலை கிடைத்திருந்தால் அவரும் இதையேதான் செய்திருப்பார். என்ன, அங்கே எழுத்தாளர்களுக்கு அது நகைச்சுவை என்று தெரிந்திருக்கும்.

மூன்றாவது: உண்மையிலேயே சுவாரசியமான பகுதி பேசப்படவே இல்லை. அப்போதைய விதிப்படி சொந்த அணி ஆறு ஆண்டு ஒப்பந்தமும் ஆண்டுக்கு 10.5 சதவீதம் வரை உயர்வும் தரலாம். வெளி அணி ஐந்து ஆண்டு, 8 சதவீதம். ஆகவே போவதென்றால் பணத்தை விட்டுத்தான் போக வேண்டும். இதைச் சரிக்கட்ட ஒரு வழி இருந்தது: பழைய அணியே ஆறு ஆண்டுக்குக் கையெழுத்து வாங்கி, உடனே புதிய அணிக்கு மாற்றிவிடுவது. கவாலியர்ஸ் அதைத்தான் செய்து, பதிலுக்கு எதிர்கால டிராஃப்ட் உரிமைகளை வாங்கிக்கொண்டது. அதில் முதல் சுற்று இரண்டு. அந்த சீசனில் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு சுமார் 5.8 கோடி டாலர். அதற்குள் லெப்ரான், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் என்ற மூன்று நட்சத்திரங்களையும் அடக்க மியாமி தன் அணியை ஏறக்குறையக் காலி செய்தது. 2008 டிராஃப்ட்டில் இரண்டாவதாக எடுத்த மைக்கேல் பீஸ்லியைக்கூட மினசோட்டாவுக்குச் சும்மா கொடுக்காத குறையாகத் தள்ளிவிட்டது. மூவருமே தங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகைக்குக் கீழே ஒத்துக்கொண்டார்கள். லெப்ரானுக்கு ஆறு ஆண்டுக்குச் சுமார் 11 கோடி டாலர், நான்கு ஆண்டு முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமையோடு. ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்பது கொஞ்சம் கைகொடுத்தது. முதலாளிகள் கூட்டிவைக்காமல் வீரர்களே சேர்ந்து ஓர் அணியை அமைத்த கணக்கு இது. இருபது நிமிடம் இதை விளக்கியிருந்தால் பேராசைக்காரர் என்ற பெயராவது வந்திருக்காது.

அன்றிரவே கவாலியர்ஸ் உரிமையாளர் டான் கில்பர்ட் காமிக் சான்ஸ் எழுத்துருவில் ஒரு பகிரங்கக் கடிதம் போட்டார். துரோகம் என்றார், லெப்ரானுக்கு முன்னால் கிளீவ்லாந்து கோப்பை வெல்லும் என்று உத்தரவாதம் கொடுத்தார். லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. கடிதத்தின் தொனிக்கும் எழுத்துருவுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு சிட்காமில் வைத்திருந்தால் மிகை என்று வெட்டியிருப்பார்கள். மறுநாள் மியாமியில் வரவேற்பு விழா: புகைமூட்டம், மேடை, ஒன்றல்ல இரண்டல்ல என்று கோப்பைகளை எண்ணிய லெப்ரானின் வாய்ப்பேச்சு. வந்தது இரண்டு, 2012இலும் 2013இலும். முதல் வருஷம் டல்லஸ் மேவரிக்ஸிடம் 4–2 என்று இறுதிப் போட்டியில் தோற்றார்கள்.

கரெலின் விடைபெறல் இதற்கு நேர் எதிர். அவர் ஒப்பந்தமும் ஏழாவது சீசனோடு முடிந்தது. எபிசோட் பெயர் ‘குட்பை, மைக்கேல்’. எழுதியவர் டேனியல்ஸ், இயக்கியவர் பால் ஃபீக். கதைப்படி மைக்கேல் தன் வருங்கால மனைவி ஹாலியோடு கொலராடோவுக்குப் போகிறார். வாழ்நாள் முழுக்கக் கைதட்டலுக்கு ஏங்கிய அந்த ஆள், நாளைதான் கடைசி நாள் என்று எல்லாரையும் நம்பவைத்துவிட்டு இன்றே கிளம்பிவிடுகிறார். விழா இல்லை. ஒவ்வொருவரிடமும் ஏதோ சாக்கில் போய், அவர்களுக்கே தெரியாமல் விடைபெறுகிறார். அழகான இடம் கணக்காளர் ஆஸ்கருக்குக் கொடுக்கும் பரிசு: கன்னாபின்னாவென்று செய்த ஒரு பொம்மை. அதை மைக்கேல் உண்மையிலேயே கஷ்டப்பட்டுச் செய்தார் என்று ஆஸ்கர் நம்பி நன்றி சொல்கிறார். என்னை எவ்வளவு மட்டமாக நினைத்திருக்கிறார் பாருங்கள் என்று மைக்கேல் கேமராவிடம் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஏழு வருஷமாகத் தான் எப்படித் தெரிகிறோம் என்பதே தெரியாமல் இருந்தவருக்கு அது தெரிந்துவிட்டது, அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடிகிறது.

விமான நிலையத்தில் ஆவணப்படக் குழுவிடம், இது எப்போதாவது ஒளிபரப்பானால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுச் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு பாம் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். பேசுகிறார்கள், நமக்கு எதுவும் கேட்காது. தொடரின் அத்தனை உத்தியையும் எழுத்தாளர் இந்த ஒரு நிமிடத்துக்காகச் சேமித்து வைத்திருந்தார் என்று தோன்றும். குறையும் உண்டு: வில் ஃபெரல் நடித்த புதிய மேலாளர் டியாஞ்சலோ இதே எபிசோடில் குறுக்கே வந்துகொண்டிருப்பார். அவர் காட்சிகளை எடுத்துவிட்டால் எபிசோட் இன்னும் திடமாக இருக்கும். நான்கே எபிசோடில் அவரும் காலி. கூடைப்பந்து வளையத்தில் தொங்கி வித்தை காட்டப்போய், கம்பத்தோடு மேலே சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவார்.

மீந்தவர்கள் கதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கவாலியர்ஸ் 61 வெற்றியிலிருந்து அடுத்த சீசனில் 19 வெற்றி, 63 தோல்விக்கு விழுந்தது. தொடர்ச்சியாக 26 தோல்வி, நடுவில் லேக்கர்ஸிடம் 112–57. எதிரணி ஆளாக லெப்ரான் முதல்முறை கிளீவ்லாந்து வந்தபோது மூன்று குவார்ட்டரில் 38 புள்ளி எடுத்துவிட்டுப் போனார். காரணம் சட்டெனத் தெரியும்: லெப்ரான் பந்தை எடுத்துப் போய்த் தற்காப்பை இழுத்துக்கொண்டால், மூலையில் சும்மா நிற்கும் ஷூட்டருக்கு வேலை சுலபம். அப்படி நிற்பதற்கென்றே பொறுக்கிய அணி அது. இழுக்க ஆள் போனதும் ஷூட்டர்களுக்குத் தனியிடமே கிடைக்கவில்லை.

‘தி ஆஃபிஸ்’ எட்டாவது சீசனிலும் இதேதான். ஜிம்மின் பார்வை, ஸ்டான்லியின் சலிப்பு, ஆஸ்கரின் பொறுமையின்மை எல்லாமே மைக்கேலுக்கான எதிர்வினைகள். வினை போனபின் எதிர்வினை எதற்கு? ஜேம்ஸ் ஸ்பேடரை ராபர்ட் கலிஃபோர்னியாவாகக் கொண்டுவந்தார்கள். மேலாளராகச் சேர்ந்து, நிறுவனத் தலைவியிடமே பேசி அவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் ஆசாமி. ஸ்பேடர் வரும் காட்சிகள் தனியாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் ராபர்ட்டுக்கு யாருடைய அன்பும் தேவையில்லை. அவர் பின்னால் ஒரு அலுவலகத்தை ஓடவிட முடியாது. மேலாளர் நாற்காலியில் விற்பனையாளர் ஆண்டியை உட்காரவைத்து மைக்கேலின் அசட்டுத்தனத்தை அவருக்குத் தைத்துவிட்டார்கள். ஆண்டியாக வந்த எட் ஹெல்ம்ஸ் நல்ல நடிகர், அளவு பொருந்தவில்லை. ஒன்பதாவதில் அவர் சினிமா வேலைக்காகப் பல எபிசோட் காணாமல் போக, அதை மறைக்க ஆண்டியைப் படகுப் பயணம் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் சகிக்க முடியாதவராகிவிட்டார்.

ஒன்பதாவதைக் காப்பாற்றியது, டேனியல்ஸ் திரும்பிவந்து புதிய நட்சத்திரம் தேடுவதை நிறுத்தியது. ஜிம் ஃபிலடெல்ஃபியாவில் நண்பர்களோடு விளையாட்டு வீரர்களுக்கான விளம்பர நிறுவனம் தொடங்குகிறார். வாரத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. மனைவி பாமோடு போனில் சண்டை முற்றி, பாம் அழும்போது, எட்டு வருஷமாகக் கண்ணில் படாத ஒலிப்பதிவுக்காரர் கேமராவின் முன்னால் வந்து படப்பிடிப்பை நிறுத்தச் சொல்கிறார். துணிச்சலான இடம். அந்த ஒலிப்பதிவுக்காரரை வைத்து முக்கோணக் காதல் மாதிரி ஏதோ தொடங்கி, பயந்து கைவிட்டதுதான் வீண்.

கிளீவ்லாந்து மீண்ட வழியும் அப்படித்தான், மாற்று நட்சத்திரத்தை விலைக்கு வாங்கி அல்ல. 2011 பிப்ரவரியில் மோ வில்லியம்ஸைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, பரோன் டேவிஸின் பெரிய சம்பளத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டது; கூலியாக ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை. டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் 2.8 சதவீத வாய்ப்பே இருந்த அந்த உரிமை முதலிடத்துக்கு வந்தது, கைரி அர்விங் கிடைத்தார். 2014 ஜூலை 11 அன்று லெப்ரான் திரும்பிவரும் செய்தி ஒரு பத்திரிகைக் கட்டுரையாக மட்டும் வந்தது, மேடை கிடையாது. 2016 இறுதிப் போட்டியில் வாரியர்ஸிடம் 3–1 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டத்தை 93–89 என்று வென்றார்கள். கடைசி நிமிடத்தில் முடிவைத் தீர்மானித்த மூன்று புள்ளி அர்விங்குடையது. 2018இல் லெப்ரான் லேக்கர்ஸுக்குப் போனபோது அவர் ஏஜென்சி விட்ட அறிவிப்பு ஒரே வாக்கியம். நான்கு ஆண்டு, 15.4 கோடி டாலர். 75 நிமிடத்தில் சொன்னதைவிட அதில் தகவல் அதிகம்.

பார்க்கும் வரிசை: ‘தி டிசிஷன்’ என்றால் கிரே பேட்டி தொடங்கும் இடத்திலிருந்து சவுத் பீச் வாக்கியம் வரை போதும். ‘தி ஆஃபிஸ்’ இரண்டாவது முதல் ஐந்தாவது சீசன் வரை முழுதாக. ஆறாவதில் ஜிம்–பாம் கல்யாணம் வரும் இரட்டை எபிசோட் ‘நயாகரா’ மட்டும் கட்டாயம். ஏழாவதில் ஹாலி திரும்பிவருவதிலிருந்து ‘குட்பை, மைக்கேல்’ வரை. எட்டாவதை அப்படியே தாண்டலாம். ஒன்பதாவதின் பின்பாதிக்கு அது தேவைப்படாது. பீகாக் ஸ்ட்ரீமிங் தளத்தில் ‘சூப்பர்ஃபேன்’ என்று வெட்டுப்பட்ட காட்சிகளைச் சேர்த்து நீட்டிய வடிவங்கள் இருக்கின்றன. முதல்முறை பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். தனியறைப் பேச்சுக்கும் வெளியே நடப்பதற்கும் நடுவில் அந்த வெட்டு சரியான நொடியில் விழ வேண்டும். நீட்டிய வடிவத்தில் அது பல இடங்களில் தள்ளிப் போய்விடுகிறது.